கையைக் கீழே போடு, சிவம்

என் அருமை மச்சான் சிவத்துக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம். அங்கே உனக்குச் சண்டை பிடிக்க ஆள் அகப்பட்டதோ தெரியாது, எனக்கு இங்கே ஒருவரும் இல்லை. அதனால்தான் நான் செய்த இரண்டு கள்ள வேலைகளை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். நீ எவ்வளவு கத்தினாலும் பரவாயில்லை, நான் நல்ல சந்தோஷத்தில் இருக்கிறேன்.

உன் மகள் துளசி கனடாக் கடற்படையில் சேர்ந்த அன்று நீ என்ன சொன்னாய்? "உந்த உடுப்போடை என்ர வாசலுக்கு வரக்கூடாது." பிள்ளையைத் தள்ளிவைக்கவில்லை, உடுப்பைத்தான் தள்ளிவைத்தாய். ஊரில் எங்கள் கடலில் நேவி என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். அவங்கள் கிட்ட வந்தால் அடையாள அட்டையோடு இரண்டு கையையும் தூக்கவேண்டும், தவறினால் வெடி. நானும் உன்னோடு அதே வள்ளத்தில்தானே இருந்தேன்? அதனால் வாய் திறக்கவில்லை.

ஆனால் அவள் பயிற்சி முடிந்து வருகிற நாளெல்லாம் முதலில் ஸ்கார்பரோவில், அவள் வளர்ந்த டோர்செட் பார்க்கில் என் அப்பார்ட்மென்டுக்குத்தான் வருவாள். என் குளியலறையில் சீருடையைக் கழற்றி, ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு, பிறகுதான் வடக்கே ஸ்ரௌவ்வில்லில் உன் வீட்டுக்கு. நாலு வருஷமாக அந்தச் சீருடை என் அலுமாரியில் என் வேட்டிக்குப் பக்கத்தில் தொங்கியது. நீ ஒருநாள் அதே அலுமாரியில் சாய்ந்துகொண்டு நேவியைத் திட்டினாயே, அன்று சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! இதுதான் என் முதல் குற்றம்.

நீ போன பிறகும் பவானி அசையவில்லை. "அவர் சொன்னது சொன்னதுதான், அண்ணை" என்றாள். உன் மனைவியல்லவா.

ஒன்ராறியோ ஏரியில் நாங்கள் தூண்டில் போட்ட நாள் நினைவிருக்கிறதா? போலீஸ் படகு கிட்ட வந்ததும் நீ தூண்டிலை எறிந்துவிட்டு, ட்ரைவிங் லைசென்ஸை எடுத்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாய். நானும் தூக்கினேன். அவன் பாவம், லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்க வந்தவன். வீடு வரும்வரை சிரித்தோம். படகில் நடுவில் இருந்த துளசிக்கு அப்போது பத்து வயது. அவள் அதை மறக்கவேயில்லை.

இந்த முறை அவளுடைய கப்பல் இந்து சமுத்திரத்துக்குப் போனது. ஐந்தாறு நாட்டுக் கடற்படைகள் சேர்ந்து கடலைப் பார்க்கிற வேலை. எந்தக் கப்பல் எந்தப் பக்கம், சந்தேகமான படகில் யார் ஏறுவது என்று எல்லாரோடும் ரேடியோவில் பேசி ஒழுங்குபடுத்துவது துளசி. "கலியாண வீட்டிலை சமையல் ஆக்களை மேய்க்கிற மாதிரி, மாமா. முதல் கிழமை ஒருத்தரும் ஒருத்தரின்ர சொல்லைக் கேக்கேல்லை. பிறகு பழகிட்டினம்" என்றாள்.

ஒரு மத்தியானம் ஒரு நாட்டு விமானம் தனியே மிதக்கிற மீன்பிடிப் படகொன்றைக் கண்டது. அது இயந்திரம் பழுதாகிக் காணாமற்போன படகு என்று நாங்கள் விட்டுவந்த தீவின் அதே கடற்படை அடையாளம் சொன்னது. துளசியின் கப்பல்தான் கிட்ட. ரப்பர் படகில் இவளும் போனாள். படகில் நாலு பேர். இவர்களைக் கண்டதும் நாலு பேரும் எழும்பி, பொலித்தீன் பையில் சுற்றிய அடையாள அட்டைகளோடு கைகளைத் தூக்கினார்களாம்.

கூடப் போனவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடத்தல்காரராக்கும் என்று ஒருவன் துவக்கில் கை வைத்துவிட்டான். துளசிக்கு மட்டும் விளங்கியது, மச்சான். அவளுக்கு முன்னால் நின்றது நீ.

"அண்ணை, கையைக் கீழை போடுங்கோ! சாப்பிட்டீங்களோ?" என்று கத்தியிருக்கிறாள்.

அவர்களில் மூத்தவர் கையை இறக்கவும் மறந்து, "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டாராம்.

"ஸ்கார்பரோ."

"அது எந்தக் கரையிலை இருக்கு?"

பிறகு அவர்களைத் தீவுக் கடற்படையின் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். "அவங்களிட்டையோ குடுத்தனீ?" என்று நான் பாய்ந்தேன். "ஓம் மாமா. நானே கையைப் பிடிச்சு ஏத்தினன். என்னோடை பயிற்சியிலை நிண்ட அவங்கடை ஒபிசர்தான் அந்த மூத்த ஐயாவுக்குத் தேத்தண்ணி குடுத்தவர். நாலு பேரும் வீட்டை போய்ச் சேந்தவை, நான் விசாரிச்சனான்" என்றாள். ஒரு தேத்தண்ணியில் பழையதெல்லாம் கழுவுப்படாது, எனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். உன்னையும் என்னையும் கடலில் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டார்களா?

இதெல்லாம் அவள் சொன்னது போன ஞாயிற்றுக்கிழமை, விமான நிலையத்திலிருந்து நான் அவளைக் கூட்டிவரும்போது. சீருடையோடு இருந்தாள். நான் காரை வடக்கே, உன் வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

"மாமா, பாதை மாறிட்டீங்கள்! உங்கடை வீட்டுக்கு நேரை போகவேணும்."

"மாறேல்லை."

"ஐயோ, எங்கையாவது கோப்பிக் கடையிலை நிப்பாட்டுங்கோ, உடுப்பு மாத்தவேணும்!"

நிறுத்தவில்லை. இது இரண்டாவது குற்றம். உன் சொல்லை நான்தான் மீறினேன். பழி என் தலையில்.

பவானி கதவைத் திறந்தாள். கையெல்லாம் மா. உடுப்பைப் பார்த்தாள். நான் பேச வாயெடுக்க முதல் உன் மகள் தன் கடற்படை அட்டையை எடுத்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அசல் நீ! சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

பவானி கையிலிருந்த மாவைச் சீலையில் துடைத்தாள்.

"கையைக் கீழை போடு, பிள்ளை," என்றாள். "சாப்பிட்டியோ?"

சத்தியமாகச் சொல்கிறேன், படகுக் கதை அவளுக்கு அதுவரை தெரியாது. மூன்று பேரும் வாசலில் நின்று அழுது சிரித்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

சீருடை இப்போது உன் அலுமாரியில், உன் கோட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நான் அங்கே வந்ததும் ஆசைதீரத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முதல் ஒரு வாக்கு. வருகிற கோடையில் நாங்கள் மூன்று பேரும் ஏரிக்குப் போவோம். போலீஸ் படகு வந்தால் நான் கையைத் தூக்கமாட்டேன், தூண்டிலை விடாமல் "ஹலோ" சொல்லுவேன், உனக்கும் சேர்த்து. நீயும் இனிக் கையைக் கீழே போடு, மச்சான்.

உன் வள்ளத்துக் கூட்டாளி,
துளசியின் மாமன்,
இராசன்