பாட்டிலுக்குள் நிற்கும் ஐந்திலை வில்வம்

இன்று காலை உன் அறையைத் திறந்தபோது அங்கே இருந்தது நானும் உன் அண்ணனும் சிவன் கோயில் பூசாரி அண்ணாச்சியும்தான். வேறு யாரும் இல்லை. அண்ணாச்சி செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சன்னதிக்கு முன்னால் நிற்பதுபோல நிலைப்படிக்கு வெளியிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கதவு திறந்ததும் ஸ்பிரிட் வாசனை முகத்தில் அடித்தது. நீ கண்ணை மூடி இத்தனை மாதம் ஆகியும் அது அந்தச் சுவரை விட்டுப் போகவில்லை.

நேற்றுச் சூறைக்காற்றில் கோயில் வில்வமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். "மரம் போச்சு தாயி. உங்க நாத்தனா பாட்டில்ல வளத்த பிள்ளை ஒண்ணாவது இருக்கா?"

இருக்கிறது. ஒரே ஒரு பாட்டில். செடி வளர்ந்து மூடியில் தலை முட்டிக்கொண்டு நிற்கிறது. அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன. எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று கேட்பதுபோல உன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பாட்டிலைப் பார்த்தேன்.

வெளியூரில் பாட்டிலுக்குள் வாழைக்கன்று வளர்க்கும் லேபில் வேலை பார்த்த நீ, ஊருக்குத் திரும்பி வந்து இந்தப் பின்னறையைக் கேட்டபோது, சும்மா பொழுதுபோகக் கேட்கிறாய் என்றுதான் நினைத்தேன். என் குக்கரை எடுத்துக்கொண்டாய். காலி ஜாம் பாட்டில்களை எல்லாம் வாங்கிச் சேர்த்தாய். சீனியையும் கடல்பாசி மாவையும் உப்பு மருந்துகளையும் கலந்து நீ காய்ச்சும்போது, நோன்புக்கு ஏதோ பலகாரம் செய்வதுபோல இருக்கும். நான் கண்ணளவாகச் சீனியைக் கொட்டப் போனால் கையைப் பிடித்துக்கொள்வாய். "மதினி, உங்க கையளவெல்லாம் சக்கரைப் பொங்கலுக்கு. இங்கன தராசுதான் சாமி." வெள்ளிக்கிழமை நான் சாம்பிராணியோடு வீடு சுற்றி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கத்துவாய். "சாமிக்குப் போடுங்க. எம்பிள்ளைகளுக்கு வேண்டாம். மூச்சு முட்டும்!"

ஒரு காம்பில் ஐந்து இலை விடும் வில்வம் இந்தச் சுற்றுவட்டாரக் கரிசலில் அந்தக் கோயில் மரம் ஒன்றுதான். விதை போட்டால் முளைத்தது. ஆனால் முளைத்ததெல்லாம் மூன்றிலை. ஒட்டுக் கட்டியதும் வெயிலில் கருகிப்போயிற்று. "தாயை அப்படியே உரிச்சு வைக்கணும்னா தளிரை வெட்டி பாட்டில்ல வளத்தாத்தான் உண்டு" என்று சொன்னாய். மரமோ பட்டுக்கொண்டிருந்தது. கோடை மழை பெய்து தளிர் விடட்டும் என்று காத்திருந்தாய்.

மழை பெய்தது. தளிரும் விட்டது. நாம் இடுக்கியும் பாட்டிலுமாகப் போய் நின்றது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை வில்வம் பறிக்கக் கூடாதென்று, அன்றைய பூசைக்கு வேண்டியதை ஞாயிறே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுகிறவர் அண்ணாச்சி. நம்மை விடுவாரா?

"சரி, நாளைக்கு வாரோம்" என்றாய்.

"நாளைக்கு அமாவாசை. அன்னைக்கும் ஆகாது."

"அதுக்குள்ள தளிர் முத்திருமே அண்ணாச்சி! நாள் கிழமையெல்லாம் மரத்துக்குத் தெரியுமா?"

"மரத்துக்குத் தெரியாது தாயி. எனக்குத் தெரியும்லா."

நீ என் முகத்தைப் பார்த்தாய். நானும் அந்த நாட்களில் ஓர் இலை கிள்ளாதவள். அவரும் மரத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார், நீயும் அதற்குத்தான் நின்றாய். நடுவில் நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை கிடைத்தது முற்றின தளிர். பாட்டிலில் வைத்ததுமே வெட்டின இடத்திலிருந்து மை மாதிரி கறுப்பு வடிந்தது. "கிழட்டு மரம்லா மதினி, கோவத்தைக் கக்குது" என்று சிரித்தாய். பாட்டில் பாட்டிலாக மாற்றி வைத்தாய். ஒன்றொன்றாகக் கருகியது. ஒரு கணு மட்டும் பச்சை காட்டியது. அந்த ஒன்றை வளர வளர நறுக்கிப் பாட்டில்களில் வைத்துத்தான் ஓர் அலமாரித் தட்டை நிறைத்தாய். அண்ணாச்சியிடம் ஒரு குறைச்சொல் சொல்லவில்லை. அவர் கேட்டபோது, "பொழச்சிக்கிடும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாய்.

பிறகுதான் அந்தக் காமாலை. ஆஸ்பத்திரியில் மஞ்சள் பூத்த கண்ணோடு நீ கேட்டது உன் உடம்பைப் பற்றி அல்ல. "வேர் விட்டுட்டா மதினி?"

"விட்டிருக்கு, வெள்ளையா."

"நான் வந்து வெளிய எடுக்கேன். நீங்க தொடாதீங்க."

நீ வரவில்லை. நான் தொடவில்லை. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அறை புழுங்கி, சில பாட்டில்களில் பூசணம் பூத்தது. மிச்சமிருந்ததில் இலை வெளுக்கத் தொடங்கவும் மனசு கேட்காமல் ஒரு பாட்டிலைத் திறந்தேன். வாழைக்குச் செய்வதாக நீ சொன்னதுபோலவே வேரைக் கழுவி, மணலில் வைத்து, பாலிதீன் பையால் மூடினேன். சாயங்காலத்துக்குள் துவண்டு விழுந்தது. அடுத்ததும் அப்படியே. நீ வேலை பார்த்த இடத்துக்கு உன் அண்ணன் போன் செய்தார். "எங்களுக்கு வாழைதான் பழக்கம், மரவகை தெரியாதும்மா" என்று வருத்தத்தோடுதான் சொன்னார்கள்.

இன்றைக்கும் விளக்கேற்றப் போகும்முன் முழங்கைவரை கழுவுகிறேன், நீ பழக்கினபடி. பூசையில் உட்கார்ந்தால் என்ன வேண்டிக்கொள்வதென்றுதான் தெரியவில்லை. நேற்றுவரை, இது போனாலும் மரத்தில் இன்னொரு தளிர் வரும் என்று ஒரு மூலையில் நினைப்பு இருந்தது. இன்று அதுவும் இல்லை. பாட்டிலுக்குள் விட்டாலும் சாகும். வெளியே எடுத்தாலும் சாகும்போலத்தான் இருக்கிறது. அண்ணாச்சி போகும்போது, "நல்ல நாள் பாத்துச் சொல்லட்டுமா தாயி?" என்று கேட்டார். சரி என்று தலையை ஆட்டினேன்.

மூடியை இப்போதே திறக்கவா, இல்லை ஒரு மழை விழட்டும் என்று இருக்கவா? எப்படியாவது சொல். சீக்கிரம் சொல்லடி.