ஆண்கள் பக்கம் ஒரு பெட்டி, பெண்கள் பக்கம் ஒரு பெட்டி

நானா,

நேற்று என் பேத்தி தன் கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டு, காதில் செருகும் வயர் இரண்டையும் எனக்கு மாட்டிவிட்டாள். ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. பாடுகிறவரின் குரல் மட்டும் தனியே கேட்டது, வாத்தியங்களைக் காணவில்லை. நான் சட்டென்று வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். "என்ன அப்பப்பா, முகம் இப்படி வெளிறிப்போச்சு?" என்று பிள்ளை பயந்துவிட்டாள். அவளுக்கு விளங்கவைக்க என்னால் ஏலவில்லை. விளங்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான், நீங்களும் இறந்துபோய்விட்டீர்கள். ஆனாலும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

இறக்குமதியைத் திறந்துவிட்ட புதிது அது. அண்ணன் என்ற மரியாதையில் ஊரே 'நானா' என்று கூப்பிட்ட உங்கள் ரேடியோக் கடை துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்தது. திருத்த வேலையோடு லவுட்ஸ்பீக்கரும் வாடகைக்குக் கொடுப்பீர்கள். நகரத்தில் எந்தக் கலியாணம், எந்தத் திருவிழா, எந்தப் பள்ளிவாசல் கந்தூரி என்றாலும் தென்னையில் ஏறிக் கட்டுகிறவர் நீங்கள்தான். கொழும்புக் கம்பனியொன்று, நம் ஊர்க் கண்காட்சியில் தன் விலையுயர்ந்த ஸ்டீரியோவை இயக்கிக் காட்ட உங்களைத் தெரிந்தெடுத்தது. காட்சி சரிவந்தால் மாவட்டத்துக்கான ஏஜென்சி உங்களுக்கு.

"இது மட்டும் கிடைச்சா மாஸ்டர், மரத்தில ஏறுற வேலைய விட்டுடலாம். முழங்கால் சொல்லுக் கேக்குதில்ல" என்று, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த என்னிடம் சொன்னீர்கள்.

கம்பனி தந்த இசைத்தட்டுகளில் எல்லாம் வெள்ளைக்காரர் வாசித்த வயலின். "இத ஆரு நம்மட ஆக்கள் கேப்பாங்க?" என்று சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு இறக்கக்கண்டிக் கரைக்குப் போனீர்கள். கரைவலைக்கு இரண்டு கயிறு. கயிறு ஒன்றுக்கு ஒரு வரிசை ஆட்கள். ஒரு வரிசையில் நின்று ஒருவன் வலை இழுக்கும் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பான், மற்ற வரிசை பதில் சொல்லி இழுக்கும். ஒவ்வொரு கயிற்றுக்குப் பக்கத்திலும் ஒரு மைக் வைத்து, ஒரு வரிசை ஒரு ஸ்பீக்கரிலும் மற்ற வரிசை மற்றதிலும் கேட்கும்படி பதிவு செய்தோம். பாட்டை எடுத்துக் கொடுத்த பொடியனின் பெயரைக்கூட நாம் கேட்கவில்லை.

கண்காட்சி நாள் காலையில் மண்டபத்தில் எவ்வளவு பாடு! "பச்சைப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடிங்க" என்று பெட்டிகளை இறக்கவைத்தீர்கள். இசைத்தட்டு சுழலும் மேசை சாய்கிறதென்று காலுக்குக் கீழே மட்டை வெட்டி வைத்தீர்கள். சுவர் எதிரொலிக்கிறதென்று படகுக்காரரிடம் படங்குத் துணி இரவல் வாங்கித் தொங்கவிட்டீர்கள். இடுப்பளவு உயரமான ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் முன்னால் மூலைக்கொன்றாக நடுவைப் பார்க்க நிறுத்தி, நாம் நடுவில் நின்று கேட்டோம். வலப்பக்கம் அந்தப் பொடியன், இடப்பக்கம் பதில் சொல்லும் வரிசை, முன்னால் கடல். நீங்கள் என் முழங்கையைப் பிடித்தீர்கள். "மாஸ்டர், கால் நனையிற மாதிரிக் கிடக்கு." வகுப்பில் இரும்பு இசைக்கவரைத் தட்டி ஒலி என்றால் என்னவென்று வருடக்கணக்காகப் படிப்பித்த நானே குனிந்து என் காலைப் பார்த்தேன்.

அதன் பிறகுதான் கதிரைகள் வந்தன. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள், நடுவில் பாதை. நம் ஊரில் எந்தக் கூட்டத்துக்கும் அப்படித்தானே போடுவார்கள். நீங்கள் கலியாண வீட்டில் செய்வது போலவே பெட்டிகளைத் திருப்பி, ஆண்கள் பக்கத்துக்கு ஒன்று, பெண்கள் பக்கத்துக்கு ஒன்று என்று நேராக வைத்தீர்கள். "இப்ப ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. காலையில் நாம் நின்று கேட்ட இடம் வெறும் பாதையாகிவிட்டது இருவருக்கும் தோன்றவில்லை.

இறக்கக்கண்டி ஆட்கள் தங்கள் குரலைக் கேட்கவென்று குடும்பத்தோடு லொறியில் வந்திறங்கினார்கள். கம்பனி மனேஜர் முன்வரிசையில் இருந்தார். நீங்கள் நம் பதிவு இருந்த ரேப் நாடாவை ஓடவிட்டீர்கள். நான் ஆண்கள் பக்கச் சுவரோரம் நின்றேன்.

"டேய், அது என்ட குரலடா!"

"உன்ட குரலோ? வண்டில் அச்சு கிரீச்சிடுது எண்டெல்லோ நினைச்சனான்!"

எங்கள் பக்கம் முழுவதும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அந்தப் பக்கமிருந்து அலறல் வந்தது. பெண்கள் எழுந்து நின்றார்கள். வயதான ஒரு அம்மா ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினார். மின்சாரம் அடித்துவிட்டது என்றே நினைத்தேன். "நானா, மெயினை நிப்பாட்டுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பாதையைக் கடக்கும்போதுதான் அந்தப் பொடியனின் குரல் என் காதில் விழுந்தது. அதுவரை எங்கள் பக்கத்துப் பெட்டியில் அது வரவேயில்லை. நீங்கள் நிறுத்தினீர்கள்.

"ஏன் நிப்பாட்டினீங்க?" என்றார் அந்த அம்மா. "என்ட பிள்ளை கதைச்சுக்கொண்டெல்லோ இருந்தவன்."

மீனவர் ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "மாஸ்டர், உங்களுக்குத் தெரியாதோ? நீங்க வந்து போன பிறகு அடிச்ச காத்தில அந்தப் பொடியன் போன தோணி பிரண்டு போட்டுது. உடம்பும் கிடைக்கேல்ல. தாய் மனுசி வாறா எண்டு அவன்ட குரலை வெட்டிப்போட்டுத்தான் போடுறீங்க எண்டு நினைச்சம்."

ஒரே மண்டபத்தில், ஒரே கணத்தில், பாதிப் பேர் சிரிக்க, பாதிப் பேர் செத்த பிள்ளையின் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

மனேஜர் எழுந்து உங்களிடம் வந்தார். "இதை எடுத்துப்போட்டு எங்கட ரெக்கோர்டைப் போடுங்க. சனம் கலையப் போகுது. நான் மேலிடத்துக்கு என்னெண்டு சொல்லுறது?"

நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், அந்த அம்மாவைப் பார்த்தீர்கள். "கொஞ்சம் பொறுங்க சேர்" என்றீர்கள். பெட்டி இரண்டையும் பாதையை நோக்கித் திருப்பினீர்கள். ஒரு கதிரையைத் தூக்கி வந்து நடுவில் வைத்தீர்கள். "இஞ்ச இருங்கம்மா. இஞ்சதான் முழுசாக் கேக்கும்."

ரேப் திரும்ப ஓடியது. ஆணும் பெண்ணும் கலந்து அந்தக் கதிரைக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றோம். அவன் எடுத்துக் கொடுக்க, பதில் வந்தது. இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் அவன் பாட்டை விட்டுவிட்டு, மைக்குக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னது வந்தது: "மாஸ்டர், சும்மா நிக்காம ஒரு கை பிடிங்களன். கயிறு கடிக்காது!"

அம்மா திரும்பினார். "ஆர் மாஸ்டர்?"

"நான்தான், அம்மா."

"கூப்பிடுறானெல்லோ. போய்ப் பிடிச்சனீங்களோ?"

"இல்லை அம்மா. ரேப்பில சத்தம் விழுந்திடும் எண்டு…"

"பிடிச்சிருக்கலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. பிறகு உங்களிடம், "இன்னொருக்காப் போடுங்கோ தம்பி" என்றார்.

நீங்கள் போட்டீர்கள். மனேஜர் வாசலால் இறங்கிப் போனதை நீங்களும் கண்டீர்கள், நானும் கண்டேன். ஏஜென்சி வேறொரு கடைக்குப் போனது. அடுத்த கலியாணத்துக்கு நீங்கள் மறுபடியும் தென்னையில் ஏறினீர்கள், ஒவ்வொரு மட்டைத் தழும்பிலும் நின்று நின்று.

அன்று வயரைச் சுற்றும்போது, "வேற ஆள் எண்டா ரெக்கோர்டைப் போட்டிருப்பான் நானா" என்றேன். நீங்கள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நானும் போடத்தான் கையத் தூக்கினனான் மாஸ்டர். கை போகேல்ல."

அந்த அதிர்ச்சி இத்தனை வருடமாகியும் என்னை விடவில்லை, நானா. வகுப்பில் பிள்ளைகள் சிரித்தபோதும் சரி, இன்று ஒரு கலியாண மண்டபத்தில் எல்லோரும் சிரிக்கும்போதும் சரி, எனக்கு உடனே சிரிப்பு வருவதில்லை. முதலில் பாதைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.