பெண்ணுக்கு மெலியும் சொல்

அன்புத் தங்கைக்கு,

பள்ளி வேலையை விட்டுவிட்டு வா என்று நீ கூப்பிட்டபடி பாஸ்டனுக்கு நான் வரப்போவதில்லை.

தேவாலயத்தில் பூசை முடிந்து கடைக்குப் போனேன். அங்கே என் பழைய மாணவி பார்ப்ரே தபால்காரரிடம் ஏதோ முணுமுணுத்தாள். எனக்குக் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்தேன். நம் ஐரிஷில் செவிட்டு ஆண் என்றால் 'பௌர்', உதடு மூடித் திறக்கும். பெண் என்றால் சொல் மெலிந்து 'வௌர்' ஆகும், பல் கீழுதட்டைத் தொடும். அவளுக்குப் பல் தொட்டது. ஊரில் காது கேட்காத கிழவர் கோல்மனைச் சொல்லவில்லை, என்னைத்தான்.

"ஆமாடி, செவிடுதான். இலக்கணம்கூடச் சரியாத்தான் சொன்னே!" என்றேன்.

"ஐயோ டீச்சர், கேட்டுடுச்சா?"

"கேக்கல. பார்த்தேன்."

இரண்டு வருடம் மறைத்தது போதும். மறுநாள் வகுப்பில் அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் பலகையில் எழுதினேன். "ரெண்டாவது நான்தான். இனிமே என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க" என்றேன்.

இருபத்திரண்டு முகங்களும் ஒருசேர நிமிர்ந்தன.

இப்படிக்கு,
உன் அக்கா