மண்ணில் நட்ட நாற்காலி

1936 பிப்ரவரி 11, செவ்வாய்

சோள அறுப்பு முடிந்தது. தட்டைப் போர் போட ஆள் போதவில்லை, நாளைக்கும் இழுக்கும். கிழக்குக் காட்டுப் பருத்தி இன்னும் வெடிக்கவே ஆரம்பிக்கவில்லை. கேட்டால் எல்லாரும் மழையைச் சொல்கிறார்கள். மழைக்கு வாய் இல்லை, பாவம்.

சாயங்காலம் மயிலாத்தாள் அக்கா என்னைக் கட்டுத்தரைப் பக்கம் கூப்பிட்டாள். "தம்பி, உம் பொண்டாட்டி சோத்தைத் தொட்டுப்போட்டு மாட்டுக்கு ஊத்தச் சொல்றா. தண்ணியும் குடிக்கறதில்லை. நாளைக்கு எனக்கு எதுக்குப் பொல்லாப்பு? சொல்லிப்போட்டேன்" என்றாள். மாமன், அவள் புருஷன், கண்ணை மூடியதிலிருந்து அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். எதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் செய்வாள். ஆனால் செய்யாமல் விடமாட்டாள்.

தெய்வாத்தாள் ஐப்பசியில் அட்டாலிப் பரண்மேல் இருந்த பானையை எடுக்க ஏணியில் ஏறி விழுந்தவள். தொடை எலும்பு முறிந்து, பெரியாஸ்பத்திரியில் காட்டி, பிறகு மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, பொங்கலுக்கு முன்தான் கட்டைப் பிரித்தோம். எலும்பு கூடிவிட்டது. முழங்கால்தான் மடங்கமாட்டேன் என்கிறது. தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறாள். வைத்தியர் இனி இவ்வளவுதான் என்று கையை விரித்துவிட்டார்.

ஏன் சாப்பிடாமல் இருக்கிறாள்? வலியா? என்மேல் கோபமா?

பிப்ரவரி 12, புதன்

மோர்ச்சோறு நாலு வாய். அதுவும் நான் எழுந்து போகாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று கத்திவிட்டேன். செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா என்றே கேட்டுவிட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தின்னா வெளிக்குப் போகணுமுங்க" என்றாள்.

அதற்குமேல் நான் என்ன கத்துவது?

கால் மடங்காதவள் குத்தவைத்து உட்கார முடியாது. தினமும் நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்து அவளைத் தாங்கிப் பிடிக்கிறோம். அக்கா வேறெங்கோ பார்ப்பாள். நான் கூரையைப் பார்ப்பேன். தெய்வாத்தாள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். எங்களுக்குச் சிரமமாக இருக்கிறது என்று மட்டும்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். "இருவத்திநாலு வருசமா உங்க முன்னால கால் நீட்டி உக்காந்தவ இல்லீங்க நானு" என்றாள். தாங்க முடியவில்லை எனக்கு.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி பார்த்தேன், நடுவில் ஓட்டை, கீழே பீங்கான் சட்டி. அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்தவன் நான். அதைப்பற்றிச் சொன்னேன்.

"செய்யலாமுங்க. ஆனா பங்காரு ஆசாரி காதுக்குப் போகப்படாது. அவுனுக்கு உளிச் சத்தத்தைக் காட்டிலும் வாய்ச் சத்தம் சாஸ்தி. ஊரு சிரிக்கறதுக்கு நான் இப்படியே போயிடறேனுங்க."

"நானே செஞ்சுபோடறேன் புள்ளே. ஒருத்தனும் அறியமாட்டான். சத்தியம்" என்று சொல்லிவிட்டேன். மண்வெட்டிக்கு ஆப்பு இறுக்கியதைத் தவிர எனக்கும் மரவேலைக்கும் எந்த உறவும் கிடையாது. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

பிப்ரவரி 17, திங்கள்

கோயமுத்தூர் போய் ரம்பம், இரண்டு உளி, ஒரு இழைப்புளி வாங்கினேன். கடைக்காரர், "பையனைத் தொழிலுக்கு விடறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். எனக்குப் பையனே இல்லை. இருப்பது ஒரே மகள், அவளையும் அன்னூரில் கட்டிக் கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 20, வியாழன்

கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்து மரக்கால்கள் கிடக்கின்றன. ஆயில் என்ஜின் வந்தபின் அவற்றுக்கு வேலை இல்லை. அத்தனையும் வைரம் பாய்ந்த வேலமரம். இவள் இன்னொரு தரம் விழவே கூடாது, இருப்பதிலேயே கெட்டியான மரமாக இருக்கட்டும் என்று அதை எடுத்தேன். இப்போதுதான் தெரிகிறது, கெட்டி மரம் என்றால் எனக்கும் கெட்டிதான். ரம்பம் வழுக்குகிறது, உளி துள்ளுகிறது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சோற்றைப் பிசைய முடியவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

உட்காரும் பலகையில் வட்டமாக ஓட்டை போடப் போனேன். ஓங்கி ஒரு அடி, பலகை வாழைமட்டை மாதிரி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொண்டது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி உளியை வீசினேன். கோழிகள் பறந்தன.

அக்கா வந்து இரண்டு துண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "நடுவுல சந்து உட்டு அடிச்சா ஆகாதா தம்பி? வட்டம் எதுக்கு?" என்றாள்.

எதுக்கு? ஆஸ்பத்திரியில் வட்டமாக இருந்தது, அதனால். வேறு காரணம் எனக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. தட்டுகிற சத்தம் கேட்டுப் பங்காரு ஆசாரி வந்துவிட்டான். கட்டவிழ்த்த கன்று மாதிரி நேரே உள்ளே வருகிறவன், இன்று படலுக்கு வெளியிலேயே நின்றான். நான் ரம்பத்தைப் பின்னால் மறைத்தேன்; அவன் பார்த்துவிட்டான்.

"கவுண்டரே, எங்கப்பன் காலத்திலிருந்து இந்தத் தோட்டத்துக் கலப்பை, கதவு, கட்டில் எல்லாம் எங்க கையிதானுங்க. வருசா வருசம் களத்துல எனக்குனு அளந்து போடறீங்க. நான் என்ன குத்தம் செஞ்சுபோட்டேனுங்க?"

அவன் கேட்டது நியாயம். களத்தில் அவன் பங்கைக் கொடுப்பது வருஷம் முழுவதற்குமான மரவேலைக்கு. ஆசாரி இருக்கும்போது நான் உளியைத் தொட்டால், நீ வேண்டாம் என்று முகத்தில் அடித்துச் சொன்னதுபோல. "சும்மா, பொழுது போகலை ஆசாரி" என்றேன். சோளம் களத்தில் கிடக்கிற காலத்தில் குடியானவனுக்குப் பொழுது போகவில்லையாம்! அவன் ஒரு வார்த்தை பேசாமல் போனான். ஓயாமல் பேசுகிறவன் பேசாமல் போனால் அது நெஞ்சில் நின்றுவிடுகிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கவுண்டர் தோட்டத்தில் மரம் தட்டுகிற சத்தம். தெய்வாத்தாள் வெளியே தலை காட்டுவதில்லை. ஆகவே நான் தொட்டில் செய்கிறேனாம்! அன்னூர் வரைக்கும் சேதி போய், சம்பந்தியம்மாள் பிரசவ மருந்துச் சாமான் ஒரு மூட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். தெய்வாத்தாள் மூட்டையைப் பிரித்து, சுக்கை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மார்ச் 3, செவ்வாய்

நாற்காலி எழுந்து நின்றது. பார்க்க லட்சணமாக இல்லை, ஆனால் நின்றது. பின்கட்டு அறையில் வைத்து அவளைக் கூட்டிப் போனேன்.

உட்கார்ந்தாள். நல்ல கால் தரையைத் தொடவில்லை.

எங்கள் வீட்டில் நாற்காலி என்று ஒன்று இருந்ததே இல்லை. எவ்வளவு உயரம் வைப்பது? கிஸ்தி கட்டப் போனபோது தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் நாற்காலியைத்தான் சாண் போட்டு அளந்து வந்தேன். அவர் நெட்டை மனுஷர், பூட்ஸ் வேறு. இவள் என் தோளுக்குக் கீழே. "அந்தரத்துல தொங்கறாப்புல இருக்குதுங்க. கால் ஊனாம எப்படீங்க...?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. விழுந்த பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் 4, புதன்

கால்களை அறுத்தேன். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. அதைச் சரிசெய்தால் எதிர்க்கால் தூக்குகிறது. இப்படியே அறுத்துக்கொண்டு போனால் கடைசியில் மணைக்கட்டைதான் மிஞ்சும். போதும் என்று ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளிவிட்டது. முழங்கையில் ரத்தம்.

அவள் உட்கார்ந்திருந்தால்? ஐயோ.

கோபத்தோடு ஆசாரி பட்டறை வரைக்கும் நடந்துவிட்டேன். உள்ளே சீவுகிற சத்தம். சத்தியம் நினைவுக்கு வந்தது. என்மேலேயே எரிச்சல் பட்டுக்கொண்டு திரும்பினேன்.

மார்ச் 5, வியாழன்

மறுபடி சோற்றைக் குறைத்துவிட்டாள். கை எலும்பு தெரிகிறது.

மார்ச் 6, வெள்ளி

காலையில் பருத்திக் காட்டுக்கு வேலிக்கால் நட்டோம். நெட்டைக் காலுக்கு ஆழக் குழி, குட்டைக் காலுக்கு மேலாகக் குழி. தலைகள் எல்லாம் ஒரே மட்டம். முப்பது வருஷமாக இதைத்தானே செய்கிறேன்! கடப்பாரையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். என்னமோ ஏதோ என்று அக்கா பயந்துவிட்டாள்.

பின்கட்டு மண்தரைதான். நாலு குழி தோண்டி நாற்காலியை இறக்கினேன். பலகைமேல் தட்டத்தில் தண்ணீர் வைத்து, நீர் எந்தப் பக்கமும் ஓடாதவரை மண்ணை எடுத்தும் போட்டும் பார்த்தேன். பிறகு சரளை போட்டு, நீர் விட்டு, உலக்கையால் இடித்து இறுக்கினேன். உயரமும் அவள் காலுக்குச் சரியாக வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கை ஊன்ற இரண்டு முளை. ஏறிக் குதித்தேன், ஆட்டினேன், எருமை மாதிரி முட்டினேன். அசையவில்லை. தச்சன் என்றால் காலை அறுப்பான், குடியானவன் குழியைத் தோண்டுவான்!

மார்ச் 7, சனி

ஆயிற்று. தடி ஊன்றி அவளாகவே உள்ளே போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள், அவளாகவே வந்தாள். அக்கா அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள், புகையாம்.

மார்ச் 10, செவ்வாய்

சோளச்சோறு, தட்டப்பயிற்றுக் குழம்பு. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "இனி ஆக்கிப்போட்டே எங் கைதான் ஒடியப்போவுது" என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினாள். எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. சொல்லக் கூடாதே.

மார்ச் 15, ஞாயிறு

களத்தில் எல்லாருக்கும் அளந்தோம். வண்ணார் வந்தார், நாவிதர் வந்தார். ஆசாரி வரவில்லை. ஆள் அனுப்பினேன். "வேலை செய்யாத கூலி எனக்கு வேண்டாமுங்கன்னு சொல்லிப்போடு" என்றானாம். அவன் வீட்டில் ஐந்து வாய். அவன் பங்கு களத்து மூலையில் தனியாகக் கிடக்கிறது. அதைத் தாண்டிப் போகவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தெய்வாத்தாளிடம் சொன்னேன். படுக்கப்போகும்போது, "நாளைக்கு அவனைக் கூட்டியாங்க" என்றாள்.

"புள்ளே, நீதானே..."

"நான்தானுங்க. எம் மானத்தைக் காப்பாத்தறேன்னு அவன் மானத்தை வாங்கிப்போட்டோமே. கூட்டியாங்க."

மார்ச் 16, திங்கள்

வரமாட்டேன் என்றவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். தெய்வாத்தாள் தடியோடு பின்கட்டு வாசலில் நின்றிருந்தாள். "உள்ள வந்து பாரு ஆசாரி" என்றாள்.

பார்த்தான். குனிந்து பார்த்தான். காலைப் பிடித்து ஆட்டினான். "ஏனுங்க கவுண்டரே, நாற்காலியை நட்டா வச்சிருக்கறீங்க? தண்ணி ஊத்துனா தழையுமுங்களா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போது அவள் சொன்னாள். தலையைக் குனியாமல், சுற்றி வளைக்காமல். கால் மடங்காததை, சோற்றைக் குறைத்ததை, யாரும் அறியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியதை. "உன்னை வேண்டாம்னு இல்லை ஆசாரி. எனக்கு வெக்கம். அதான்."

ஆசாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"எங்கப்பனுக்குக் கடைசியில இடுப்புக்குக் கீழ வரலீங்க அம்மணி. எம் பொண்டாட்டி தூக்கணும், நான் தூக்கணும். சோறு வேண்டாம் வேண்டாம்னே போயிட்டாருங்க. வயசாயிருச்சு, பசி இல்லைனு நெனச்சுப்போட்டேன். ஊருக்கெல்லாம் கட்டில் செஞ்சவனுங்க நானு. எங்கப்பனுக்கு இது தோணலீங்களே. அவரும் வாயைத் திறந்து சொல்லலீங்களே."

அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். போகும்போது அந்த நாற்காலியைச் சாண் போட்டு அளந்துகொண்டு போனான். சோளத்தையும் எடுத்துக்கொண்டான்.

மார்ச் 25, புதன்

பேத்திக்கு அடுத்த திங்களன்று காது குத்து. அழைக்க அன்னூரிலிருந்து மருமகனே வந்துவிட்டார். அவர் போனபின் தெய்வாத்தாள், "நீங்களும் உங்கக்காளும் போயிட்டு வாங்க. நான் வரலீங்க" என்றாள். காரணம் கேட்கவில்லை. நட்டதைப் பிடுங்கி வண்டியில் ஏற்ற முடியாது. என் கெட்டிக்காரத்தனத்தின் லட்சணம் இதுதான்.

மார்ச் 27, வெள்ளி

ஆசாரி வந்தான், சொல்லாமல் கொள்ளாமல். தோளில் புது நாற்காலி. வேப்பமரம், அக்காகூட ஒரு கையால் தூக்குகிறாள். கை வைக்கச் சட்டம், நடுவில் அதே சந்து, தரையிலிருந்து அதே உயரம். "இது வண்டியேறுமுங்க அம்மணி" என்றான். அப்புறம் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தான். சாப்பாட்டு நேரம்வரை நிறுத்தவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். வண்டிக் கூண்டுக்குள் தெய்வாத்தாளும் அக்காவும். நாற்காலிக்கு உள்ளே இடமில்லை. பின்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். ஊர்த்தெருவழியாகத்தான் போயாக வேண்டும் என்று ஒரு சாக்கை எடுத்து அதன்மேல் போர்த்தினேன்.

"சாக்கு எதுக்குங்க?" என்றாள்.

"பாக்கறவங்க..."

"பாக்கட்டுமுங்க. எடுங்க அதை."

எடுத்தேன். தெருவில் தண்ணீர்க் குடத்தோடு நாலைந்து பெண்கள். அவர்களில் மாசாணத்தின் மருமகள், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள், நாற்காலியையே பார்த்துக்கொண்டு கொஞ்சதூரம் வண்டிகூடவே நடந்து வந்தாள். பிறகு மெல்ல, "ஏனுங்கக்கா, அது என்னங்கக்கா?" என்று கேட்டாள்.

தெய்வாத்தாள் என்னை வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

உச்சிக்கே சேர வேண்டிய நாங்கள் அன்னூர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.