டப்பா மேல் வைத்த கை

மார்ச் 3, திங்கள்

இன்று விரதம், தண்ணீர் மட்டும். என் மகள் குட்டி வயிறாரச் சாப்பிடும்வரை திங்கட்கிழமைகளில் நான் சாப்பிடுவதில்லை என்று போன மழைக்காலத்தில் வேண்டிக்கொண்டது. இன்னும் முடிந்தபாடில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை பார்த்ததும் டாக்டரம்மா குட்டியை வெளியே உட்காரச் சொன்னார். "மாசக் கடைசியில மறுபடி பாப்பேன். அப்பவும் ஏறலைன்னா வார்டுல சேர்த்து மூக்கு வழியா ட்யூப் போடணும். அதுக்கு மேல வீட்டுல வச்சிருக்கறது ஆபத்து" என்றார். நான் அவருடைய பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு வயதுப் பெண். என் வளையல் அவளுக்கு முழங்கை தாண்டி ஏறுகிறது.

"ஏதாவது ஒண்ணாவது விரும்பிச் சாப்பிடுறாளா?"

"ஐஸ்கிரீம். கடையில விக்கிற வெள்ளை ஐஸ்கிரீம். ஒரு கரண்டி."

சொல்லவே வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் அடுப்படியில் நின்றதற்கு எனக்குக் கிடைத்த மார்க்கு அது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நல்லது, அதுலேர்ந்தே தொடங்குங்க. மேல ஏதாவது தூவிக் குடுங்க. ஆனா அவளுக்குத் தெரியாம எதையும் கலக்காதீங்க."

ஏன் அது ஒன்றை மட்டும் தொடுகிறாள் என்று முன்பே கேட்டிருக்கிறேன். டப்பாவின் பின்னால் என்னென்ன, எவ்வளவு என்று போட்டிருக்கிறதாம். "நீ செய்யறதுல என்ன போடறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? அச்சுல இருக்கிறது பொய் சொல்லாதும்மா."

மார்ச் 5, புதன்

வாங்கியது: ஐஸ்கிரீம் பெரிய டப்பா ஒன்று, முந்திரி, வெண்ணெய், சர்க்கரை, உப்பு பிஸ்கட்.

கைபேசியில் ஒரு பெண்மணி செய்து காட்டியதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். தண்ணீர் விடாமல் சர்க்கரையை உருக்க வேண்டும். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, சட்டியைத்தான் ஆட்ட வேண்டும். முதல் ஈடு கரிந்து வீடே புகை. அடுத்தது தேன் நிறத்தில் வந்தது. முந்திரியைப் போட்டுப் புரட்டி, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, ஆறியபின் துணியில் சுற்றி உருட்டுக்கட்டையால் தட்டினேன். கண்ணாடிச் சில்லு போல உடைந்தது. வாயில் போட்டால் முதலில் நறுக்கென்று, பிறகு கரைகிறது.

இதையும் வேண்டாம் என்பாளா?

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். முந்திரிச் சில்லு ஒரு கிண்ணத்தில், வெண்ணெயில் வறுத்த பிஸ்கட் தூள் ஒன்றில், உப்புப் போட்ட சர்க்கரைப் பாகு ஒன்றில் என்று மேசையில் பரப்பி, வழக்கம்போல அவற்றின் மேல் கையை நீட்டிக் கண்ணை மூடி வேண்டினேன். நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காதே.

"ஏன் அண்ணி, ஐஸ்கிரீம் டப்பாவை மட்டும் தள்ளி வச்சுட்டுக் கும்பிடுறீங்க? அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"அது நான் செஞ்சதில்லையே. அடுத்தவங்க செஞ்சதை என் சமையல்னு சாமிகிட்ட எப்படிக் காட்டறது?"

"சாமிகிட்டயும் கறார்தானா! எங்கண்ணன் உங்களோட எப்படித்தான் குப்பை கொட்டுறாரோ."

அவர் வாய் நிறையச் சில்லு. "கொட்டிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். குட்டிகூடச் சிரித்துவிட்டாள். அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

அப்புறம் குட்டி தன் கிண்ணத்திலிருந்து சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தாள். பாகு பட்ட இடத்தைக் கரண்டியால் வழித்து ஒதுக்கினாள். அடியில் இருந்த வெள்ளையை மட்டும் சாப்பிட்டாள்.

"உங்கம்மா எவ்வளவு ஆசையாச் செஞ்சிருக்கா, நீ என்னடான்னா எறும்பு மாதிரி அடுக்கி வச்சிருக்க" என்றாள் நாத்தனார்.

"வேணும்னா எடுத்துக்குங்க அத்தை."

எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 10, திங்கள்

விரதம். ஒரு மாற்றமும் இல்லை.

மார்ச் 12, புதன்

சாக்லேட் சீவல், வாழைப்பழத்தை வெண்ணெயில் வதக்கியது, வேர்க்கடலைத் தூள். எல்லாமே விளிம்புக்குப் போய் வரிசையில் நின்றன.

கடைக்காரர், "என்னக்கா, வீட்டுல பனிக்கரடி ஏதும் வளக்கறீங்களா?" என்றார். சிரித்துவைத்தேன். படியேறும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது.

மார்ச் 14, வெள்ளி

செய்துவிட்டேன். இங்கேயாவது மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

அவர் வேலைக்கும் அவள் பள்ளிக்கும் போனபிறகு பாதாமை மாவாக அரைத்துச் சலித்தேன், பல்லில் படக் கூடாதே என்று மறுபடியும் சலித்தேன். பால் பவுடர், கெட்டிக் கிரீம். ஐஸ்கிரீமை நன்றாக இளகவிட்டுக் கலந்தால் மறுபடி உறையும்போது மணல் மணலாக ஆகிவிடுகிறது. ஒரு டப்பா வீணானது அப்படித்தான். பாத்திரத்தையே முன்னதாகப் பிரீஸரில் வைத்து, ஐஸ்கிரீமின் ஓரம் மட்டும் இளகும்போது மரக்கரண்டியால் மடித்து மடித்துக் கலந்து உடனே உள்ளே வைத்துவிட வேண்டும். இதை எந்தப் பெண்மணியும் கற்றுத்தரவில்லை. திருட்டுப் புத்தி தானாகவே கற்றுக்கொள்கிறது.

கலந்ததைப் பழைய டப்பாவிலேயே அடைத்து, மேலே கத்தியால் வழித்துச் சமமாக்கி, மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டையை இருந்தது போலவே ஒட்டினேன்.

டாக்டரம்மா சொன்னது மறக்கவில்லை. மூக்கில் ட்யூபோடு என் பிள்ளை படுத்திருப்பதை அவரா தினமும் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்?

மார்ச் 15, சனி

சாப்பிட்டாள். இன்னொரு கரண்டியும் கேட்டாள்!

"இந்தத் தடவை நல்லாருக்கும்மா" என்றாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷமா, பயமா? பிரிக்கத் தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இது கடைச் சரக்கு இல்லையே."

"சத்தம் போடாதீங்க."

"தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

"தெரியாது."

மார்ச் 22, சனி

தெரிந்துவிட்டது.

டப்பாவை மேசையில் வைத்தேன். கரண்டி எடுத்து வந்தேன். பழக்கம்! கை தானாக நீண்டு டப்பாவின் மேல் நின்றது. கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். திறந்தபோது குட்டி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையில வாங்கினதுக்கு நீ கும்பிட மாட்டியே."

"ஏதோ ஞாபகத்துல..."

"உனக்கா ஞாபகம் தப்பும்? இதுல என்ன போட்டிருக்க?"

சொன்னேன். கை சொல்லிவிட்டபிறகு வாய் எதை மறைப்பது? அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் நம்பின ஒண்ணே ஒண்ணு இதுதாம்மா."

டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். வெள்ளை வெள்ளையாகக் கரைந்து ஓடியது. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமி, உன்னைக் கும்பிட்டதுதானே காட்டிக்குடுத்துச்சு? வேற எதுலயும் நான் கோட்டை விடலையே. பட்டைகூடச் சரியா ஒட்டினேனே. நீ யார் பக்கம்? எனக்கு ஒண்ணுமே புரியல. என்ன காரியம் பண்ணிட்டேன் நான்...

மார்ச் 24, திங்கள்

இப்போது ஐஸ்கிரீமும் இல்லை. வெந்நீர் மட்டும்.

கதவருகே நின்று, "ஒரு வாய், அம்மாவுக்காக" என்றேன்.

"இன்னிக்கு நீ சாப்பிட்டியா?"

"எனக்கு விரதம்டா. உனக்காகத்தானே."

"நீ பட்டினி கிடந்தா அது பக்தி. நான் கிடந்தா வியாதி. அப்படித்தானே?"

அடுப்படிக்கு வந்து தண்ணீர்ச் செம்பை மூடிவைத்தேன்.

மார்ச் 31, திங்கள்

சேர்த்துவிட்டார்கள். ஜன்னலோரக் கட்டில். ட்யூபைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நர்ஸ் அதைச் செருகும்போது குட்டி அந்த நர்ஸின் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். என் கை பக்கத்திலேயே இருந்தது.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நிறைய அம்மாக்கள் செய்யறதுதான்" என்றார். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

விளக்கேற்றவில்லை. வேண்டவில்லை. கேட்பதற்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 9, புதன்

குட்டி இன்னும் என்னோடு பேசுவதில்லை. அப்பா வந்தால் கண்ணையாவது திறக்கிறாள். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலை முடிந்து கிரீஸ் கையோடு வந்து, எந்தக் கட்டடத்தில் எது நின்றுபோயிற்று என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திரும்பும் வழியில் அவரிடம், "நான் வராம இருந்துடவா? என்னைப் பார்த்தா அவளுக்கு எரியுது" என்றேன்.

"ஆள் உள்ள மாட்டிக்கிட்டா நாங்க முதல்ல என்ன செய்வோம் தெரியுமா? கதவுகிட்ட நின்னு பேசிக்கிட்டே இருப்போம். உள்ள இருக்கிறவங்க திட்டுவாங்க. திட்டட்டும்னு நிப்போம்."

"அப்புறம் திறந்துடுமா?"

"சில நேரம் ரொம்ப நாழி ஆகும்" என்றார். பஸ் வந்துவிட்டது.

ஏப்ரல் 15, செவ்வாய்

ட்யூபை எடுத்தார்கள். மூக்கோரம் புண். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்களாம். வீட்டில் சாப்பிடாவிட்டால் மறுபடியும் இதே கட்டில்.

சந்தோஷப்பட வேண்டியது. ஆனால் அந்த வீட்டில் நான் இருக்கிறேனே.

ஏப்ரல் 21, திங்கள்

காலையிலிருந்து தண்ணீர் மட்டும். பழக்கம்தான், வேண்டுதல் என்று சொல்ல முடியாது.

மதியத்துக்கு மேல் குட்டி அடுப்படிக்கு வந்து மேசை முன் உட்கார்ந்தாள். நான் பட்டை பிரிக்காத டப்பாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். பட்டையை அவளே கிழித்தாள். மேலே விரலால் தடவிப் பார்த்தாள். எனக்கு அது சுருக்கென்றது, வேண்டியதுதான்.

டப்பாவுக்குப் பக்கத்தில் சில்லுக் கிண்ணம். நேற்று செய்தது. அவர் சாப்பிடட்டும் என்று.

"இதுல என்ன?"

"முந்திரி. சர்க்கரை. வெண்ணெய். ஒரு சிட்டிகை உப்பு."

"அவ்வளவுதானா?"

"சாமி சத்தியமா..."

"சாமியை விடு. நீ சொல்லு."

"அவ்வளவுதான்டா. நான் சொல்றேன்."

சில்லுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு ஒரு கரண்டி ஐஸ்கிரீம் வைத்து, ஒரே ஒரு சில்லை எடுத்து மேலே வைத்தாள். இன்னொரு கிண்ணத்திலும் அதேபோல வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"இன்னிக்குத் திங்கள்" என்றேன்.

"தெரியும்."

உட்கார்ந்தேன். கரண்டியை எடுத்ததும், "கும்பிடலையா?" என்றாள்.

"பாதி கடையில வாங்கினது."

"அப்ப பாதிக்குக் கும்பிடு."

முகத்தில் சிரிப்பில்லை. என்றாலும் கையை நீட்டினேன், பல நாளைக்குப் பிறகு. எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டேன். அவள் சில்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதியில் எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மிச்சம் கிண்ணத்திலேயே உருகியது.

நாளைக்கு எப்படியோ, தெரியாது.

இரண்டு கிண்ணம் கழுவிக் கவிழ்த்தேன்.