வெந்நீர்ப்பட்டிக்குக் கொண்டுபோன கயிறு

மார்கழி 3, வியாழன். வெண்ணந்தூர்

விடியலில் பனிமூட்டம். எதிர்வீட்டுத் தறி கேட்கிறது, வீடு காணோம். பெட்டி கட்டும் படலம் ஆரம்பம்.

குரங்குக் குல்லா 2. கம்பளிச் சட்டை 3 (ஒன்று செத்துப்போன மச்சானுடையது). வேட்டி 4. தைலம். நார்த்தங்காய் ஊறுகாய். பருப்புப் பொடி, ஒரு பட்டாளம் ஆறு மாதம் முற்றுகையில் கிடந்தாலும் தாங்கும். கச்சாயம், நம்ம ஊர் வெல்லப் பலகாரம், ஒரு தூக்கு.

கொங்கு நாட்டிலிருந்து ஜப்பானுக்கு அனுப்பப்படும் முதல் தூதர் நான். அனுப்புகிற மகாராணி என் தங்கை பழனியம்மாள். காரியம்: அவள் மகன் கதிரை அழைத்து வருவது. ஏரிக்கரையில் வெந்நீர் ஊற்று உள்ள ஏதோ ஊரில், குளிக்க வருகிறவர்கள் தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறான். வயது இருபத்தொன்பது. தையில் அவன் அப்பாவுக்குத் தலைத்திவசம். போன தையில் அப்பா செத்ததற்கே வராதவன்.

சாயங்காலம் பழனியம்மாள் வந்தாள். கையில் புதுக் கறுப்பு அரைஞாண் கயிறு, அவளே முறுக்கியது.

"அண்ணா, என்ற பையனுக்கு மொதல் அர்ணாக்கயிறு கட்டுனது நீங்கதானுங்க. இதையும் நீங்களே கட்டி, கையோட கூட்டியாந்துருங்க."

"அம்மிணி, ஜப்பானையே தூக்கிட்டு வான்னாலும் வருவேன். இவன் வெறும் அறுபத்தஞ்சு கிலோ."

சிரித்தாள். பதினோரு மாதத்தில் முதல் தடவை. நான் திரும்பிப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன்.

மார்கழி 5, சனி. ஆகாயத்தில்

பெங்களூர் வரை பஸ், அப்புறம் விமானம். டிக்கெட் கதிர் எடுத்தது. அம்மாவையும்தான் கூப்பிட்டான். துக்க வருஷம் முடியாமல் எங்கும் நகரமாட்டேன் என்றுவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரர் என் குல்லாவைப் பார்த்துச் சன்னல் பக்கம் ஒதுங்கினார்.

இதை எழுத இந்த நோட்டை விட்டால் எனக்கு இடமில்லை. எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் ஆடி. கதிர் ஒரு மாத லீவில் வந்திருந்தான். அப்போது ஜப்பானில் கார் உதிரிபாகக் கம்பெனி வேலை. கிளம்ப நாலு நாள். பழனியம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் விளையாட்டுக்கு, சத்தியமாக விளையாட்டுக்கு, அவன் பாஸ்போர்ட்டை எடுத்து என் ரிக் லாரியின் டூல்ஸ் பெட்டிக்குள் போட்டேன். போர்வெல் போடும் லாரி. என் பிழைப்பு அதுதான். இரண்டு நாள் தேடவிட்டு, மேளதாளத்தோடு எடுத்துக் கொடுக்கலாம் என்று திட்டம்.

மறுநாள் காலை நான் எழுவதற்குள் லாரி ஆந்திராவுக்கு போர் போடப் போய்விட்டது. டூல்ஸ் பெட்டியோடு.

லாரி திரும்பியது பதினெட்டாம் நாள். பாஸ்போர்ட்டை அவன் வீட்டுப் பீரோவுக்கு அடியில் தள்ளி, "இங்க கெடக்குது பாரு!" என்று நானே கண்டுபிடித்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். மச்சான் எனக்குக் கோழி அடித்துப் போட்டார்.

கம்பெனி அதற்குள் வேறு ஆள் போட்டிருந்தது. அங்கே இங்கே அலைந்து, கடைசியில் இந்த விடுதியில் சேர்ந்தான். சேர்ந்த இரண்டாம் மாதம் மச்சான் மாரடைப்பில் போனார். லீவு இல்லை என்றான் கதிர். கல்நெஞ்சன் என்றது ஊர். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

சாப்பாடு வந்தது. சப்பென்று ஏதோ.

மார்கழி 6, ஞாயிறு. வெந்நீர்ப்பட்டி

ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. என் பல்செட்டைக் கழற்றினால்தான் வாயில் நுழையும். ஆகவே வெந்நீர்ப்பட்டி.

குளிர். பேசின வார்த்தை உறைந்து காலடியில் விழுகிறது. மூன்றைப் பொறுக்கிப் பையில் போட்டிருக்கிறேன், ஊருக்குப் போய் வெயிலில் வைத்துக் கேட்கலாம்.

ஸ்டேஷனில் கதிர். இளைத்திருக்கிறான். மச்சானின் நடை.

"வாங் மாமா. அம்மா நல்லாருக்குதுங்களா?"

"உன்னையக் காணாம நல்லாருக்குது."

என் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

ஏரி மேட்டூர் அணையை விடப் பெரிதா சிறிதா தெரியவில்லை, மறுகரை பனிக்குள். கரையெல்லாம் வெள்ளை. தெருச் சாக்கடையில் ஆவி பறக்கிறது. சாக்கடையில்!

விடுதிக்காரம்மா எழுபது வயது. குனிந்தார். நானும் குனிந்தேன். மறுபடி குனிந்தார். விடுவேனா? ஏழாவது சுற்றில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலம்.

அறைக்குள் வந்ததும் கதிர்: "பாஸ்போர்ட்டக் குடுங் மாமா, நான் பத்திரமா வெச்சிக்கறேன்."

கொடுத்தேன். சின்ன இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். அவனுடையதும் அதற்குள்தான் இருக்கிறது, பார்த்தேன். சாவி அவன் கழுத்தில்.

மார்கழி 7, திங்கள்

இரவெல்லாம் பனி. சன்னல் பாதி மூடிவிட்டது.

கதிரின் வேலை: ஊற்றிலிருந்து விடுதிக்கு வரும் குழாய்களில் சுண்ணாம்பு மாதிரி அடைத்துக்கொள்வதைத் தட்டி எடுப்பது. தினமும் அடைக்கும், தினமும் தட்ட வேண்டும். வெந்நீரோ யாரும் கேட்காமல் பூமியிலிருந்து பொங்கி, குளித்து மிஞ்சியது ஏரியில் விழுகிறது. என் சொந்தக் காட்டில் நான் போட்ட போர் பதினொன்று. ஆயிரத்து இருநூறு அடியில் பாறைப்பொடி. பன்னிரண்டாவதுக்கு லாரியை நிறுத்தியதும் பாதாள லோகத்தார் மேலே வந்து, "போதுமய்யா, தூங்க விடு" என்று கும்பிட்டார்கள். இங்கே வந்து ஒரு சாக்கடையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன்.

ஊற்றில் கூடையோடு இறக்கி வேகவைத்த முட்டை தந்தார்கள். நாமக்கல்காரனுக்கு முட்டை! உடைத்தால் மஞ்சள் இறுகியிருக்கிறது, வெள்ளை கொழகொழ. முட்டைக்குக்கூட இங்கே வந்தால் உள்ளது வெளியது மாறிவிடுகிறது.

திவசப் பேச்சை எடுத்தேன். "வேலை இருக்குதுங் மாமா" என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்கழி 8, செவ்வாய்

குளியல்.

இதற்கு என்னை யாரும் தயார்படுத்தவில்லை. பொதுவான வெந்நீர்த் தொட்டி. ஆண்கள் பக்கம் ஆண்கள் மட்டும், ஆனால் உடம்பில் ஒரு நூல் கூடாது. கைக்குட்டை அளவில் ஒரு துண்டு தருகிறார்கள். மானத்தைக் காக்கவாக்கும் என்று நினைத்தேன். அதைத் தலையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறான் கதிர்.

எல்லாவற்றையும் துறந்தேன். அரைஞாண் கயிற்றை மட்டும் துறக்கவில்லை. அதில் என் பீரோ சாவி. தொட்டிக்குள் ஒரு கிழவர் என் இடுப்பையே பார்த்தார். ஏதோ கேட்டார்.

"செருப்பு வெக்கற பெட்டிச் சாவியான்னு கேக்கறாரு மாமா."

"பீரோ சாவின்னு சொல்லு."

"பீரோ எங்கன்னு கேக்கறாரு."

"வெண்ணந்தூர்லன்னு சொல்லு."

கிழவர் சிரித்துத் தண்ணீர் குடித்துவிட்டார். கதிரும் சிரித்தான். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. காரியம் கைகூடிவிட்டது என்றே நினைத்தேன்.

அவன் படியில் இறங்கினான். அப்போதுதான் பார்த்தேன். வெறும் இடுப்பு.

ஆண்பிள்ளைக்குப் பிறந்த சில நாளில் கட்டுகிற கயிறு. நைந்துபோனால் புதியதைக் கட்டிய பிறகுதான் பழையதை அவிழ்ப்போம், ஒரு நொடி கூட வெற்றிடுப்பாக இருக்க விடுவதில்லை. மொத்தமாக அறுப்பது ஒரே தடவை. பிணத்துக்கு.

"கயிறு எங்கடா?"

"அறுத்துட்டேனுங் மாமா."

"எப்ப?"

"அப்பாவுக்கு அறுக்கறப்ப. நீங்கதான வீடியோவுல காட்டப் போன் புடிச்சிருந்தீங்க. கத்தரிக்கோல் வெச்சு அறுத்தது தெளிவாத் தெரிஞ்சுது. இங்க மத்தியானம், வேலையில இருந்தேன். கையில பிளேடு இருந்துச்சு." முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். "இங்கிருந்துட்டு என்ற பங்குக்கு வேற என்ன பண்றதுன்னு தெரீல."

தலைத்துண்டை எடுத்து என் கயிற்றை மறைத்துக்கொண்டேன்.

மார்கழி 9, புதன்

பனி நிற்கவில்லை. வெளியே போகவில்லை. ஊறுகாய் தீர்ந்தது, விடுதிக்காரம்மாவுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.

பழனியம்மாள் போன்.

"கட்டிட்டீங்களாண்ணா?"

"கட்டாம? நல்ல நாள் பாக்கறேன்."

"அவனுக்கு வடக்கு ரூம்பு வெள்ளையடிச்சாச்சு. கட்டலுக்குப் புது மெத்த. வாழப்பாடி சந்தையில எருமை ஒண்ணு பாத்திருக்கறேன், அவனுக்கு எருமத் தயிருன்னாத்தான எறங்கும்."

சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனை சரி என்று கணக்கில்லை.

மார்கழி 11, வெள்ளி

வானம் வெளுத்தது. ஏரியின் மறுகரை தெரிகிறது. அங்கேயும் ஒன்றுமில்லை.

குழாய்க் கொட்டகைக்குப் போனேன். கதிர் தட்டிக்கொண்டிருந்தான். உட்கார இடம் தேடி ஒரு இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். அப்புறம் அது என்ன பெட்டி என்று பார்த்து எழுந்துகொண்டேன். டூல்ஸ் பெட்டி.

சொல்லிவிட்டேன். நின்றபடியே.

"கதிரு, அந்தப் பாஸ்போர்ட்டு..."

"தெரியுங் மாமா."

சுத்தியல் நிற்கவில்லை.

"கிரீஸ் நாத்தம் அடிச்சுது. பீரோவுக்கு அடியில கிரீஸ் ஏதுங்க? உங்க பெருவெரல் ரேகை மொதப் பக்கத்துலயே இருக்குது. ஒவ்வொரு தடவ தொறக்கறப்பவும் பாக்கறேன்."

"ஏஞ்சாமி, யாருகிட்டயும் சொல்லல?"

"அப்பாவுக்கு உங்க மேல உசுரு. சொன்னா சேந்து உக்காந்து கறி திங்க மாட்டீங்க." இப்போது சுத்தியலைக் கீழே வைத்தான். "அப்பா செத்தன்னைக்கு எனக்கு லீவு குடுத்தாங்க மாமா. இந்தம்மாவே டிக்கெட்டும் பாத்துட்டாங்க. நான்தான் போகல. போனா திரும்ப உடுவீங்களா மாட்டீங்களான்னு யோசிச்சுட்டே உக்காந்திருந்தேன். யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நீங்க போனக் காட்டிட்டீங்க."

அண்டப் புளுகன் நான். இதை மட்டும் புளுகாமல் சொன்னேன்.

"திவசத்துக்கு வாடா. உன்ற பாஸ்போர்ட்ட உன்ற இடுப்புலயே கட்டிக்க. நான் மேட்டூருக்கு அந்தப் பக்கமாப் போய் இருந்துக்கறேன். உன்ற கண்ணுலயே படமாட்டேன்."

"உங்களால இல்லீங் மாமா. அப்பா பொணமாக் கெடக்கறப்ப இதையா யோசிச்சேன்னு ஆயிப்போச்சு. அம்மா மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

"அவளுக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியுமில்லீங்."

கயிற்றை எடுத்தேன். நான் கட்டிவிடுகிறேன் என்று மண்டியிடக்கூடப் போனேன். என் தோளைப் பிடித்து நிமிர்த்தினான்.

"குடுங் மாமா. நான் பாத்துக்கறேன்."

வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டான். அம்மா கையின் எண்ணெய் வாசம் இருந்திருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. முட்டாள்.

மார்கழி 12, சனி. விமான நிலையம்

காலையில் வெயில், பனிமேல் பட்டுக் கண் கூசியது. விடுதிக்காரம்மா வாசலில் குனிந்தார். நான் போட்டி போடவில்லை.

ஸ்டேஷனில் கதிர் பாஸ்போர்ட்டை உறையோடு எடுத்து நீட்டினான். நான் பழக்கதோஷத்தில்:

"நீயும் இத ஒளிச்சு வெச்சுரு மாப்ள. பதினெட்டு நாள் இருந்துட்டுப் போறேன். கணக்கு சரியாப்போயிரும்."

சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டை என் உள்பைக்குள் தானே வைத்து, ஜிப்பை இழுத்து, மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.

"டிரெயின் வந்துருச்சுங் மாமா. பாத்துப் போங்க."

ரயில் நகர்ந்த பிறகும் நின்றான். மச்சான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி, ஒரு கை இடுப்பில்.

கவுண்டரில் இருந்த பெண் உறையைத் திறந்தாள். உள்ளே கறுப்புக் கயிறு, வட்டமாகச் சுருட்டி. ஒரு துண்டுச்சீட்டு. அவள் இரண்டு கையாலும் எடுத்து, பிரசாதம் மாதிரி, என்னிடம் நீட்டினாள்.

சீட்டில்: 'திவசத்தன்னைக்குப் போன் நீங்களே பிடிங்க மாமா. போன தடவை கை ஆடாமப் பிடிச்சீங்க.'

எத்தனை முறை படித்தேனோ.

பழனியம்மாள் போன்.

"கட்டிட்டானாண்ணா?"

"கட்டிட்டான்."

"உங்ககூடவே ஏறிட்டானா?"

ஏதோ அறிவிப்பு, ஜப்பான் பாஷையில். போனை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"அண்ணா? கேக்குதுங்களா?"

வைத்துவிட்டேன்.

கயிற்றைப் பெட்டியில் போட மனமில்லை. பெங்களூரில் இறங்கி எதையாவது துழாவினால் என் கையில் படும். கழிப்பறைக்குள் போய், என் கயிற்றுக்கு மேலேயே கட்டிக்கொண்டேன். அவன் அளவுக்கு முறுக்கியது, என் தொந்திக்கு எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டேன். இழுத்துப் பிடித்திருக்கிறவரை நிற்கிறது. விட்டால் அறுக்கிறது.