ஊசி எழும்பாத வண்டி

எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையிலிருந்து கூலன்ட் வாசனை போகவில்லை. இனிப்பும் துருவும் கலந்த வாசனை. நீ ஓட்டிய பனியன் கம்பெனி வேனில் இன்று மத்தியானம்தான் தெர்மோஸ்டாட் மாட்டி முடித்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பே ஒருமுறை மாட்டினேன். நடுவில் நானே கழற்றினேன். இன்று மறுபடி மாட்டியிருக்கிறேன். இந்தக் கிறுக்குத்தனம் எதற்கு என்று உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

அந்த வேனின் டெம்பரேச்சர் ஊசியைப் பற்றி நீ எவ்வளவு பெருமை பேசுவாய். சித்திரை வெயிலில் மற்ற வண்டிகள் பானட்டைத் திறந்துகொண்டு ரோட்டோரம் நிற்கும்போது, நீ டாஷ்போர்டு கண்ணாடியைத் தட்டிக் காட்டுவாய். "பாருடா மாப்ள, ஊசி எந்திரிக்கவே மாட்டீங்குது. நம்ம வண்டி ஐஸ்பொட்டி." பின் சீட்டிலிருந்து செக்கிங் செக்சன் சரசக்கா விடமாட்டார். "ஏஞ்சாமி, இஞ்சினு குளுகுளுன்னு இருந்து எங்களுக்கு என்னத்துக்கு ஆவுது? இங்க ஃபேன் ஓடுதா பாரு மொதல்ல." வேன் முழுக்கச் சிரிக்கும். நீயும் சிரிப்பாய். சேவூர்ப் பக்கமிருந்து நெருப்பெரிச்சல் வரை அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் அந்த நேரம்தான் உனக்கு நாளிலேயே பிடித்த நேரம் என்று நினைக்கிறேன்.

டீசல் கணக்கில் பேச்சு வந்தபோது நான் உன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதே மாடல் இன்னொரு வண்டி குடிப்பதைவிட உன் வண்டி அதிகம் குடிக்கிறது என்றார் மேனேஜர். குரலை உயர்த்தவே இல்லை. "வண்டி குடிக்குதா, வேற யாராச்சும் குடிக்கறாங்களா? அதத்தான் கேக்கறேன்." நீ என்ன சொன்னாய் தெரியுமா? "வண்டியில ஒரு கொறையும் இல்லீங்க சார். சூடே ஆவறதில்லீங்க. இந்த மாதிரி வண்டி நம்ம கம்பெனியிலயே இல்லீங்க."

வண்டியில் குறை இல்லை என்றால் மிச்சம் இருப்பது நீ மட்டும்தான். அது உனக்குத் தோன்றவில்லை. உன் வாயாலேயே வண்டியை விடுவித்துவிட்டு நீ மாட்டிக்கொண்டாய். அடுத்த வாரம் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

இந்த ஊரில் ஒரு டிரைவர் டீசல் எடுத்தான் என்று முதலாளிகளின் வாட்ஸப் குரூப்பில் வந்துவிட்டால் அவ்வளவுதான். ஏற்றுமதிக்குப் போன துணியில் கறை இருந்தால்கூட விசாரணை, ஆய்வு, மறு ஆய்வு எல்லாம் உண்டு. நமக்கு அதுவும் கிடையாது. எந்தக் கம்பெனியும் உனக்கு வண்டி கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு சாயப்பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தாய். கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய இறக்கிவிட்டார்கள். விஷவாயு. மாஸ்க் இல்லை, கயிறு இல்லை. உன்னைத் தூக்கியபோது உன் சட்டை எந்தக் கலரில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

உன் வேன் எனக்கு வந்தது. மார்கழியில் காலையில் கிளப்பினால் கம்பெனி கேட் வரும்வரை வெள்ளைப் புகை. முன்கண்ணாடியில் பனி படிந்தால் ஹீட்டரைப் போட்டாலும் குளிர்காற்றுதான் வரும். ஊசி அடியிலேயே படுத்துக் கிடந்தது. மாதம் முடிந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஏப்பா, நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

எனக்குக் கோபம் வரவில்லை. நான் ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால் நீயும் எடுக்கவில்லை. போனில் தேடிப் பார்த்தேன். என்ஜின் சூடேறாமல் ஓடினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், காரணம் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் என்று போட்டிருந்தது. என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் சின்ன வால்வு அது. சூடு ஏறினால் தானே திறந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனேன். அந்த வேனில் என்ஜின் டிரைவர் சீட்டுக்குக் கீழே இருப்பது உனக்குத் தெரியும். சீட்டைத் தூக்கி, ஆல்டர்னேட்டரைக் கழற்றி ஓரமாகத் தள்ளி, ஹோஸைப் பிடுங்கினால்தான் தெர்மோஸ்டாட் மூடியே கண்ணில் படும். அதன் பின்பக்க போல்ட்டைப் பார்க்கவே முடியாது. கையை முழங்கை வரை விட்டுத் தடவித்தான் ஸ்பானர் வைக்க வேண்டும். தோல் உரிந்தது. மூடி வந்ததும் டார்ச் அடித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் ஓட்டை.

"எங்கண்ணா போச்சு?" என்றேன்.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "அதுங்களா? நாந்தான் கழட்டி வீசுனேன். ஒருக்கா அவிநாசி ரோட்டுல கொதிச்சு நின்னுபோச்சு. நம்மூரு வெயிலுக்கு இது எதுக்கு, எடுத்துப்போடுன்னாரு மொதலாளி. இங்க பாதி வண்டிக்கு அப்படித்தானுங்க தம்பி."

"அவனை வேலையை விட்டு எடுத்தப்ப ஏன் சொல்லலை?"

"டீசலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு எனக்கெங்க தெரியும்? என்றகிட்ட யாரும் கேக்கவும் இல்ல."

பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. சூடு என்றால் பயம், குளிர்ச்சி என்றால் நல்லது. இந்த ஊரில் எல்லோருக்கும் அவ்வளவுதான். உனக்கும் அவ்வளவுதான். முதலாளி தூக்கி எறியச் சொன்ன ஒரு வால்வுக்கு நீ பொறுப்பாகிவிட்டாய்.

புதியதை வாங்கி, பட்டறையில் டீ போடும் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் போட்டுப் பார்த்தேன். மெதுவாக வாயைத் திறந்தது. மாட்டி ஓட்டினேன். ஊசி நடுவுக்கு வந்து நின்றது. பழக்கதோஷம், எனக்கு ஒரு நிமிடம் பதறியது.

அந்த மாதம் டீசல் குறைந்தது. மேனேஜர் என் தோளில் தட்டினார். "பாத்தியா? ஓட்டற கை மாறுனா வண்டியும் மாறுது. அவன் எத்தனை அடிச்சிருப்பான், யோசி."

நான் வண்டியைச் சரிசெய்தது உன்மேல் திருட்டு முத்திரை குத்தியதாக ஆகிவிட்டது. தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சொன்னேன். "கூட்டாளிங்கறதால பேசறே" என்றார்.

"செரிங்க சார். திரும்பக் கழட்டிப்போடறேன். டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவிய நீங்களே வெச்சுக்கங்க. டீசலும் நீங்க நின்னு அடிங்க" என்றேன். மற்ற டிரைவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

கழற்றினேன். அதே கை, அதே போல்ட். வண்டி உன் காலத்தில் குடித்த மாதிரியே குடித்தது. சாவி அவர் பையில். மாதக் கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வண்டியிலதான் கோளாறு. மாட்டிரு. இதோட பேச்ச விட்டுரு" என்றார்.

நான் விட்டிருப்பேனோ என்னவோ. டிரைவர்கள் மூலம் விஷயம் காதுக்குப் போயிருந்த சரசக்கா விடவில்லை. நேற்று சாயங்காலம் மேனேஜர் தன் கார் சர்வீசுக்குப் போயிருந்ததால் வேனில் முன்சீட்டில் வந்தார். பின்னாலிருந்து அக்கா கேட்டார். "ஏனுங்க சார், அப்ப அந்தப் பையன் திருடலீங்களா?"

அவர் வெளியே பார்த்தபடி, "இல்லம்மா" என்றார்.

"வண்டிச் சத்தத்துல கேக்கலீங்க."

வேனில் யாரும் சிரிக்கவில்லை. அவர் திரும்பி, "இல்லம்மா. அவன் எடுக்கல" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

இன்று மாட்டி முடித்ததும் சேவூருக்குப் போய் உன் மனைவியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பையனை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்: "இதெ அவரு இருக்கறப்பவே சொல்லியிருந்தா, அந்தத் தொட்டிக்குள்ள எறங்கியிருக்க மாட்டாருங்களேண்ணா."

நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அவள் அதை என்னிடம் கேட்டிருக்க வேண்டியதில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய மேனேஜர் நாளைக்குக் காலையிலும் என் வேனில் ஏறுவார், கார் இன்னும் வரவில்லை. வண்டி நிறைய ஆட்கள் இருப்பார்கள். நான் கேட்பேன்.